பழுப்பாய்த் தெரிந்ததெல்லாம்

லேபில் அவளுக்கு டிக்டிக் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, இடது கையில் ஒரு எண்ணும் கருவி, வலது கையில் இன்னொன்று என்று வைத்துக்கொண்டு டிக் டிக்கென்று செல்களை எண்ணுகிற டாக்டருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில் அவள் அக்கா. ஒரே தம்பிக்கு ஒரே அக்கா. இந்தக் கதைக்கு அந்தப் பெயரே போதும், ஏனென்றால் வந்த வினையெல்லாம் அந்த உறவு வழியாகத்தான் வந்தது.

தம்பியை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்த பெயர், நாற்பத்தெட்டு வயதிலும் போகவில்லை. லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் பாதி அவன் கை பட்டு ஓடுகிறவைதான். அவன் குடியிருப்பதோ மூன்றாவது மாடி, அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. கேலி செய்யாத ஆளில்லை. அடுத்தவனை ஏற்றி இறக்குவதுதான் தன் தொழில், தான் ஏறுவது தன் விதி என்று அவனும் சேர்ந்து சிரிப்பான். அப்படிப்பட்டவன் போன வருஷக் கடைசியில் இரண்டாம் மாடியிலேயே நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தான். பிறகு இருமல். இருமலோடு ஒரு நாள் ரத்தம். படம் எடுத்துப் பார்த்தால் வலது நுரையீரலின் மேல்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்திலும் சின்னதாக இரண்டு. சிகரெட்டை விட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் அதற்கு முன்னால் இருபது வருஷம் ஊதித் தள்ளியவன். வெட்டி எடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வாலு அதற்குக்கூட அவ்வளவாகக் கலங்கவில்லை. கீமோ என்றவுடன்தான் முகம் வெளுத்தது. அவனோடு வேலை பார்த்த ஒருவருக்கு கீமோவில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், கடைசியில் சட்டைப் பொத்தான் போடக்கூடப் பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டி வந்தது. ஸ்பேனர் பிடிக்கிற விரல் போய்விட்டால் தான் இருந்தென்ன, போயென்ன என்று கேட்டான். வேறு ஏதாவது மருந்து இருந்தால் பார்க்கச் சொல்லி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அப்படிக் கையைப் பிடித்துக் கேட்டது அவளுக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை.

இருந்தது வேறு மருந்து. புற்றுநோய்ப் பிரிவின் பெரிய டாக்டர், நிதானமாகப் பேசுகிற மனிதர், அதை அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். உடம்பிலுள்ள செல்கள் ஒன்றோடொன்று சும்மா இருப்பதில்லை, புரதங்களை நீட்டியும் அனுப்பியும் பேசிக்கொண்டே இருக்கின்றன. டி செல் என்று காவல்காரச் செல்கள் உண்டு, அவை ரோந்து சுற்றி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும். புற்றுநோய்ச் செல்களில் சில, தங்கள் மேல்தோலில் பி.டி.எல். ஒன் என்கிற புரதத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். ‘நான் நம்ம ஆளுதான், விட்டுடு’ என்பது அதற்குப் பொருள். காவல்காரனும் நம்பிக்கொண்டு போய்விடுவான். புது மருந்து அந்தப் பொய்ச் சேதியைக் கேட்க விடாமல் தடுக்கும். நூறு புற்றுநோய்ச் செல்லில் ஐம்பதோ அதற்கு மேலோ அந்தப் புரதத்தை வைத்திருந்தால் அந்த ஊசி மட்டுமே போதும். ஐம்பதுக்குக் கீழே என்றால் கீமோவையும் சேர்த்தே ஆக வேண்டும், தனியாக விட்டால் பலன் குறைவு.

தம்பியின் மனைவி டீச்சர். ஆரம்பப் பள்ளியில் வேலை, வீட்டிலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கேள்விகளை எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எண்ணிக்கை எவ்வளவு வந்தாலும் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். வாலு எரிந்து விழுந்தான். பெரிய டாக்டர் முதலில் எண் வரட்டும் என்றார்.

அந்த எண்ணைச் சொல்கிற இடம் அக்காவின் லேப். தம்பியின் கட்டியிலிருந்து ஊசி போட்டு எடுத்த நூல் போன்ற சதைத் துணுக்கை, கைக்கு அடக்கமான ஒரு பாட்டிலில் வைத்து, அக்காவேதான் லேபுக்கு நடந்து கொண்டுபோனாள். வேறு யாரையும் நம்பவில்லை. அங்கேதான் சனி பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபில் ஸ்லைடுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுந்தான், யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. பாட்டிலைத் தானே கொண்டுபோனதால் இவளுக்கு ஸ்லைடின் எண் தெரிந்துவிட்டது.

சொந்தக்காரர்களின் ஸ்லைடைத் தொடக்கூடாது என்பது எழுதிவைத்த விதி. இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்து மேஜைமேல் இருக்கிற தகர டப்பாவில் போட வேண்டும். இரண்டு பேரும் போட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த டப்பா ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அக்காதான். ஒருத்தர் வாயிலிருந்து வருகிற எண் அடுத்தவர் கண்ணைக் கெடுத்துவிடும் என்று வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவள் அவள்.

அந்த வாரம் எண்ணத் தெரிந்த மூன்று பேரில் ஒருவர் விடுப்பில் இருந்தார். மிச்சம் இருந்தது அக்காவும் சுருட்டையும். சுருட்டை நாற்பது வயது டாக்டர். சுருண்ட முடி, அதனால் அந்தப் பெயர். அக்காவிடம் படித்து, அக்காவின் பக்கத்து நாற்காலியிலேயே பத்து வருஷமாக வேலை பார்க்கிறவள். மூன்றாமவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஏழு நாள்தான். ஆனால் வாலு தினம் நாலு தடவை போன் செய்தான். எண்ணுவதில் என்ன பாசம் இருக்கிறது, எண் எண்தானே என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பாசத்துக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? இந்த மாதிரி இடத்தில்தான் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்காரும்.

அந்தப் புரதம் இருக்கிற செல்லைச் சாயம் பழுப்பாக்கிக் காட்டும், இல்லாத செல் வெளிர்நீலமாக நிற்கும். அக்கா குனிந்து பார்த்தாள். பழுப்பு. ஒரு மூலையில் திட்டுத் திட்டாக, இன்னொரு மூலையில் அப்பிவைத்தாற்போல. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பேர் வாங்கியவள், நானூறு செல்லை எண்ணி முடித்தபோது பழுப்பை எண்ணுகிற வலது கைக் கருவியில் இருநூற்று நாற்பது நின்றது.

“அறுபது,” என்றாள் வாய்விட்டு. சீட்டு இன்னும் எழுதவில்லை. டப்பா திறக்கவில்லை. “சுருட்ட, அறுபது வந்திருக்கு. அவனுக்கு கீமோ வேணாம்.”

சுருட்டை அடுத்த மேஜையிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஸ்லைடை வாங்கிக்கொண்டு போய் எண்ணினாள். ஒரு மணி நேரம் கழித்து டப்பாவைத் திறந்தபோது அவள் சீட்டில் ஐம்பத்தைந்து என்று இருந்தது. ஐந்துதான் வித்தியாசம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா அந்த மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். வாலு அவளைக் கட்டிக்கொண்டான். டீச்சர் மட்டும் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும், ஆனாலும் கீமோவையும் சேர்த்தால் கூடுதல் பாதுகாப்புத்தானே என்று மறுபடி ஆரம்பித்தாள். “அண்ணி, தப்பா நினைக்காதீங்க, வேற யாரையாவது விட்டு ஒரு தடவ எண்ணச் சொல்லலாமா?” என்றும் கேட்டுவிட்டாள். அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வருஷ வேலையை ஒரு வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாளே என்று கோபம் வந்தது. இரண்டு பேர் எண்ணிப் பார்த்தாகிவிட்டது என்று வெடுக்கென்று சொன்னாள். டீச்சர் முகம் சிறுத்துப்போய் உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு வாலு வேலைக்கே போனான். முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை, விரல்கள் விரல்களாகவே இருந்தன. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளை, பாப்பா என்று கூப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றினான். இருமல் மட்டும் விடவில்லை. அது போகப் போகச் சரியாகும் என்று அக்கா சொன்னாள், அவனும் நம்பினான். அவள் சொன்னதை அவன் எதைத்தான் நம்பவில்லை?

ஐந்தாவது ஊசிக்கு முன்னால் படம் எடுத்தார்கள். எலுமிச்சை ஆரஞ்சு ஆகியிருந்தது. எதிர்ப்பக்கம் இரண்டாக இருந்தது ஐந்து. ஈரலிலும் புதிதாக ஒரு நிழல்.

பெரிய டாக்டர் உடனே கையை விரிக்கவில்லை. அபூர்வமாகச் சிலருக்கு, மருந்து வேலை செய்து காவல்காரச் செல்கள் கூட்டமாகக் கட்டிக்குள் நுழைவதால், கட்டி வீங்கிப் பெரிதானது போல் படத்தில் தெரியும் என்றார். அதைக் கேட்டதும் டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு அடியில் கோடு போட்டாள். ஆனால் ஈரல் நிழலுக்கு அது பதில் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய துணுக்கில் மிச்சம் ஏதாவது இருந்தால் இன்னொரு முறை பார்க்க முடியுமா, எதையாவது விட்டிருக்கிறோமா என்று கேட்டார். நல்ல மனுஷன், ‘விட்டிருக்கிறோமா’ என்றார், ‘விட்டீர்களா’ என்று கேட்கவில்லை.

சதைத் துணுக்கை மெழுகில் பதித்துச் சீவுகிறவரை லேபில் பிளேடு அண்ணன் என்பார்கள். மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு சீவல் வரும், அதற்கு மேல் கேட்டால் மெழுகுதான் வரும் என்றார். அக்கா இரண்டையும் கேட்டாள். ஒன்றுக்குப் பழைய பழுப்புச் சாயம். இன்னொன்றுக்கு மேக்ரோஃபேஜ்களை மட்டும் சிவப்பாக்குகிற சாயம்.

ஏன் அந்தச் சாயத்தைக் கேட்டாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. கை தானாகச் சீட்டில் எழுதியது. மேக்ரோஃபேஜ் என்றால் விழுங்குகிற செல். நுரையீரலுக்குள் வருகிற தூசி, புகை, கிருமி எல்லாவற்றையும் தின்று சுத்தம் செய்கிற துப்புரவுக்காரன். நம்ம பக்கத்து ஆள்தான். ஆனால் கட்டி சும்மா விடுமா? அது புரதங்களை அனுப்பி இந்த ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்ளும், கூப்பிட்டுக் குணத்தையும் மாற்றிவிடும். அதற்குப் பிறகு இந்தத் துப்புரவுக்காரன் கட்டிக்கு ரத்தக்குழாய் இழுத்துக் கொடுப்பான், வளர்வதற்கான சேதியை ஊட்டுவான், டி செல் வந்தால் வாசலிலேயே மறிப்பான். கூடவே இவனும் அந்தப் பி.டி.எல். ஒன்னைத் தோலில் நீட்டிக்கொண்டு நிற்பான். சாயம் போட்டால் இவனும் பழுப்பு. புற்றுநோய்ச் செல்களுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது, அவசரக் கண்ணுக்கு இவனும் புற்றுநோய்ச் செல்லாகத்தான் தெரிவான். எண்ணவேண்டியது புற்றுநோய்ச் செல்லை மட்டுந்தான். பழுப்பாய்த் தெரிந்ததெல்லாம் கட்டி இல்லை என்பது எண்ண வருகிற டாக்டர்களுக்கு அக்கா சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம்.

மறுநாள் காலை ஸ்லைடுகள் வந்தன. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் பழுப்பு ஸ்லைடு, அதே திட்டுகள், அதே மூலை. பிறகு மற்றதை வைத்து அதே மூலையைத் தேடினாள். எங்கெல்லாம் பழுப்பு அப்பிக் கிடந்ததோ, அங்கெல்லாம் சிவப்பு. அவள் அள்ளி அள்ளி எண்ணிய இடம் பூராவும் மேக்ரோஃபேஜ். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவேதான் இருந்தது.

பழைய ஸ்லைடை எடுத்து வைத்து மறுபடி எண்ணினாள். இந்த முறை ஒவ்வொரு செல்லின் கருவையும் உருவத்தையும் பார்த்துப் பார்த்து, சிவப்புச் சாயத்தின் உதவியே இல்லாமல் எண்ணினாள். முடிந்தது. சிவப்புச் சாயம் இல்லாமலே பிரித்துப் பார்க்க முடிந்தது, அதுதான் கொடுமை. அன்றைக்கும் முடிந்திருக்கும். நானூற்றில் எழுபத்திரண்டு. நூற்றுக்குப் பதினெட்டு.

தெரிந்தே செய்தாளா என்று கேட்டால் சத்தியமாக இல்லை. தெரியாமல் செய்தாளா என்று கேட்டால் அதற்கும் அவளால் ஆமாம் சொல்ல முடியவில்லை. அவள் கண் பார்க்கவில்லை, அவள் ஆசை பார்த்தது. இருபத்தாறு வருஷம் முன்பின் தெரியாதவர்களின் ஸ்லைடில் ஒரு பழுப்பு மேக்ரோஃபேஜைக்கூடத் தவறவிடாதவள், சொந்தத் தம்பியின் ஸ்லைடில் கூட்டம் கூட்டமாக விட்டிருக்கிறாள். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

சுருட்டையைக் கூப்பிட்டு இரண்டு ஸ்லைடையும் காட்டினாள். தன் எண்ணைச் சொல்லாமல் எண்ணச் சொன்னாள். சுருட்டை குனியக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு உதட்டைக் கடித்தாள். கண் நிறைந்துவிட்டது.

“எனக்கு அன்னைக்கு இருபத்திரண்டு வந்துச்சு மேடம்,” என்றாள்.

அக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. சுருட்டை திக்கித் திணறிச் சொன்னாள். இருபத்திரண்டு என்று சீட்டில் எழுதியே விட்டாளாம். எழுதியதைப் பார்த்துவிட்டு, மேடத்துக்கு அறுபது வந்திருக்கிறதே, அவர்களுக்குத் தெரியாததா, நான்தான் எதையோ கோட்டைவிட்டிருக்கிறேன் என்று நினைத்தாளாம். கிழித்துப் போட்டுவிட்டு வேறு சீட்டு எடுத்தாளாம்.

“அறுபதுன்னு நான் சொன்னதால மாத்துனியா?” என்று கேட்டாள் அக்கா.

“அதனால மட்டும் இல்ல. உங்கள அவ்வளவு சந்தோஷமா நான் பாத்ததே இல்ல மேடம். பத்து வருஷத்துல ஒரு நாள்கூட. அத நான் எப்படிப் போய்க் கெடுக்கறது?”

அக்கா அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு என்ன இருக்கிறது? டப்பாவைத் திறக்கும் முன் வாயைத் திறந்தது யார்? சுருட்டை அழுதுகொண்டே நின்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் வேலையைப் பார், இன்னொரு நாள் உன் சீட்டை யாருக்காகவும் கிழிக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

பழைய அறிக்கையை அடித்துத் திருத்தி எழுதி, தவறு எப்படி நடந்தது என்பதையும் இரண்டு விதியையும் மீறியதையும் தன் கைப்பட எழுதி, லேப் தலைவரின் மேஜையில் வைத்தாள். இனி எண்ணும் வேலையிலிருந்து தன்னை விலக்கிவிடும்படியும் கேட்டிருந்தாள். அதன் பிறகு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனாள். அவர் திருத்திய அறிக்கையை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திங்கட்கிழமையே கீமோவைச் சேர்த்துவிடலாம் என்றார்.

முதலிலேயே சேர்த்திருந்தால் என்று அக்கா ஆரம்பித்தாள், முடிக்க வரவில்லை. அவர் அவளைப் பார்த்தபடி, அது யாருக்கும் தெரியாது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கேட்காத கட்டிகள் உண்டு என்றார். ஆனால் அப்போது அவன் உடம்பில் தெம்பு இருந்தது, கட்டி சின்னதாக இருந்தது, அதையும் இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் கன்னாபின்னாவென்று கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நோயாளியிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், தான் சொல்லட்டுமா என்று கேட்டார். தானே சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

மத்தியானம் மூன்று மணி. அக்கா படியேறினாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தாள், மூன்றாம் மாடி வந்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை. வாலுதான் கதவைத் திறந்தான். அதற்கே மூச்சு வாங்கியது. கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் மின்விசிறி ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. டீச்சர் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவாள். திங்கட்கிழமை கீமோ என்று மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேருக்கும் போன் வந்திருந்தது.

“கடைசில அதுலயே கொண்டுவந்து விட்டுட்டாங்க பாத்தியா,” என்று சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்து சிரிப்பைத் தின்றுவிட்டது. அக்கா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

“வாலு, உன் ஸ்லைட நான் தப்பா எண்ணிட்டேன்.”

ஸ்க்ரூடிரைவர் நின்றது.

“அறுபது இல்லடா. பதினெட்டு.”

லிஃப்ட் மெக்கானிக்குக் கணக்குத் தெரியாதா? எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பெரிய டாக்டர் சொன்னதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அப்படியானால் அன்றைக்கே கீமோவும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும், அப்படித்தானே என்று கேட்டான். ஆமாம் என்றாள். மூன்று மாசத்துக்கு முன்னாலேயே. ஆமாம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு போனதை, காத்திருக்காததை, வாய்விட்டுச் சொன்னதை, சுருட்டையின் சீட்டை. அவன் மடியில் கிடந்த திருகாணிகளை ஒன்றொன்றாக எடுத்து ஒரு மூடியில் போட்டுக்கொண்டே கேட்டான்.

“நீ எண்ணுனேன்னுதான் நான் வேற எங்கயும் காட்டல,” என்றான். “டீச்சர் தலையால தண்ணி குடிச்சா, இன்னொரு எடத்துல காட்டலாம்னு. எங்கக்காவ விடவா ஊருல டாக்டர்னு நான் அவள அதட்டுனேன்.”

அக்கா அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் மன்னித்துவிடுவான், அது அவளுக்குத் தெரியும், அதனாலேயே கேட்கவில்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கோபமா, பயமா, என்ன என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் நெஞ்சுக்கூடு மட்டும் ஏறி இறங்கியது.

“டீச்சர்கிட்ட சொல்லாத,” என்றான் கடைசியில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று கேட்டாள். டீச்சருக்குத் தெரிய வேண்டாமா, அன்றைக்கு அவள் சொன்னதுதான் சரி என்று ஒருத்தராவது அவளிடம் சொல்ல வேண்டாமா?

“சொன்னா உனக்கு மனசு லேசாகும். அவளுக்கு?” அவன் மூச்சுக்காக நிறுத்தினான். “அவளுக்குன்னு பெத்தவங்க இல்ல, கூடப்பொறந்தவங்க இல்ல. நான் போயிட்டா அவளுக்கும் பாப்பாவுக்கும் நீ ஒருத்திதான். உனக்கும் அவங்கள விட்டா யாரு இருக்கா? இது தெரிஞ்சா அவ உன் வாசப்படி மிதிக்க மாட்டா. எனக்குத் தெரியும் அவள. நீ என்கிட்ட சொல்லிட்ட, போதும். மிச்சத்த நீயே வச்சுக்கோக்கா.”

“டேய், நீ எங்கயும் போகலடா,” என்றாள் அக்கா. அவள் சொன்னதை அவன் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா பையை வீசிவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் அக்காவின் சிவந்த கண்ணைப் பார்த்தாள், கட்டிலில் இருந்தவனைப் பார்த்தாள். கீமோ விஷயமாக அழுதிருக்கிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள் போலிருக்கிறது. அக்காவின் கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடுக்கதவு திறந்தேதான் இருந்தது.

“அண்ணி, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்,” என்றாள். “அன்னைக்கு ரெண்டும் சேத்துப் போடணும்னு அவ்வளவு பிடிவாதம் பிடிச்சேன். வேற யாரையாவது எண்ணச் சொல்லுங்கன்னுகூட கேட்டுட்டேன். எவ்வளவு வலிச்சிருக்கும் உங்களுக்கு. உங்களுக்கு இல்லாத அக்கறையா எனக்கு? மனசுல வச்சுக்காதீங்க அண்ணி. நான் தப்பாப் பேசிட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். அக்கா கதவு வழியே பார்த்தாள். வாலு தலையைக் குனிந்துகொண்டு, இறுகிப்போன ஒரு திருகாணியையே திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தான்.

அக்கா டீச்சரை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்றாள்.